ஒலிக்காத தட்டு

கச்சேரியில் மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் மேடையைவிடச் சபையைத்தான் அதிகம் ரசிப்பேன். தாளம் மிஸ்ர சாபு. தகிட, தகதிமி என மூன்றும் நான்குமாக ஏழு. சமமாகப் பிரியாத கணக்கு. ஆனால் கை அதை எண்ணுவதில்லை. குட்டையாக ஒன்று, நெட்டையாக ஒன்று என்று தொடையில் தானே விழுகிறது. சற்றே நொண்டும் அந்த நடைக்கு உடம்பு சீக்கிரமே பழகிவிடுகிறது. மிருதங்கத்தின் தொப்பி தாழ்ந்து உறும, வலந்தலையில் மீட்டு கணீரென்று தெறிக்க, வித்வான் ஐந்து ஐந்தாகச் சொற்களைக் கோக்கிறார். அவை தட்டைவிட்டு நழுவி நழுவி விழுகின்றன. அப்போதும் முன்வரிசைப் பெரியவரின் விரல்கள் பதறாமல் மெத்தென்று தட்டிக்கொண்டே இருக்கின்றன. ஒலிக்காத அடி அவருக்குக் கேட்கிறது! எத்தனை பொறுமையான காது அது. மும்முறை வந்த முடிவுக் கோர்வை தன் இடத்தில் வந்து இறங்கும்போது சபை முழுவதும் ஒன்றாகத் தலையசைக்கிறது. அடுத்த கச்சேரியில் நீங்களும் கையைத் தொடையில் வைத்து, எண்ணாமல் கேட்டுப் பாருங்கள்.