மலைன்னா டீசல்தானே?

இரண்டு வருஷம் முன்னால் நண்பர் ஒருவர் போன் செய்தார். பேங்க் வேலையிலிருந்து ரிட்டயராகி, சிறுமலைப் பக்கம் ஒன்றரை ஏக்கர் வாங்கியிருக்கிறார். பி.எஃப். பணத்தில் ஒரு ஃபோர் வீல் டிரைவ் ஜீப் வாங்க ஆசை. "டீசலா, பெட்ரோலா? மலைன்னா டீசல்தானே?" என்று கேள்விக்குள்ளேயே பதிலையும் வைத்திருந்தார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். நான் யோசித்து முடிப்பதற்குள் டீசலுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்.

இதே கேள்வி உங்களிடமும் இருந்தால், அட்வான்ஸுக்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

'மலைன்னா டீசல்' என்பது பொய் இல்லை. கொஞ்சம் பழசாகிப்போன உண்மை. பாறையிலோ சேற்றிலோ வண்டி ஊர்ந்து போகும்போது வேகம் தேவையில்லை. எஞ்சின் நிதானமாகச் சுற்றும்போதே சக்கரத்தைத் திருப்பும் பலம் வேண்டும். அதைத்தான் டார்க் என்கிறார்கள். அந்தக் காலத்துப் பெட்ரோல் எஞ்சின் டார்க் கொடுக்க வேண்டுமானால் ஆக்ஸிலேட்டரை மிதித்து அலற வைக்க வேண்டும். டீசல் முனகிக்கொண்டே இழுத்துவிடும். 2010-ல் இங்கே வந்த முதல் மஹிந்திரா தார், டீசலில் மட்டும்தான் கிடைத்தது.

ஆனால் அப்போதும் எதிர்க்கட்சி ஒன்று இருந்தது. மாருதி ஜிப்ஸி. 1985-லிருந்து பெட்ரோல்தான். நம் ராணுவம் பல வருஷம் அதைத்தான் மலையெல்லாம் ஓட்டியது. எப்படி ஏறிற்று? வண்டி லேசு. போதாததற்கு லோ ரேஞ்ச் கியர். (இந்த இரண்டாவது கியர் குச்சியை விட்டுவிட்டு எஞ்சினைப் பற்றி மட்டும் பேசுவது, மாட்டை விட்டுவிட்டு வண்டியைப் பேசுவது மாதிரி.) தாரில் லோ ரேஞ்ச் போட்டால் இழுவை சுமார் இரண்டரை மடங்கு ஆகிறது. 2023-ல் இங்கே வந்த மாருதி ஜிம்னியின் டார்க் வெறும் 134 நியூட்டன் மீட்டர். மற்ற ஜீப்களோடு ஒப்பிட்டால் சிரிப்பு வரும். ஆனால் எடை சுமார் 1,200 கிலோதான், லோ ரேஞ்சும் உண்டு. போக வேண்டிய இடத்துக்குப் போய்விடுகிறது.

குளிர் வேறு இருக்கிறது. கடும் குளிரில் டீசலில் உள்ள மெழுகு உறைந்து குழாயை அடைத்துக்கொள்ளும். லடாக்குக்கென்றே மைனஸ் 33 டிகிரி வரை தாங்குகிற குளிர்கால டீசலை 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் கொண்டுவர வேண்டியிருந்தது. நமக்கு அந்தக் கவலை இல்லை. ஊட்டியில் ஸ்வெட்டர் போட்டால் போதும்.

பழைய கணக்கை நிஜமாகவே புரட்டியது 2020-ல் வந்த புதுத் தார். இரண்டு எஞ்சினிலும் வந்தது. மேனுவல் கியர் வண்டியில் டீசலுக்கு 300 நியூட்டன் மீட்டர், பெட்ரோலுக்கும் அதே 300. இதில் வேடிக்கை, டீசல் அந்த முழு இழுவையை 1,600 சுற்றில்தான் தருகிறது. பெட்ரோலோ 1,250 சுற்றிலேயே தந்துவிடுகிறது. டர்போவின் கைங்கர்யம். மெதுவாகச் சுற்றினாலும் இழுக்கும் என்ற டீசலின் பெருமையை எதிராளி அப்படியே தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

அப்படியானால் டீசலுக்கு என்ன மிச்சம்? வயிறு. லோ ரேஞ்சில் நாள் முழுக்க ஊர்ந்தால் பெட்ரோல் எஞ்சின் குடிப்பதைப் பார்க்கச் சகிக்காது. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஜீப்பில் போயிருக்கிறீர்களா? பாதை என்று சொல்ல அங்கே கற்கள்தான் உண்டு. தினமும் ஆள் ஏற்றி அதில் பிழைப்பு நடத்துகிறவருக்கு நான் பெட்ரோல் சிபாரிசு செய்தால் உதைக்க வருவார். எஸ்டேட்காரருக்கும் டீசல்தான் தோது. 2024-ல் தார் ராக்ஸ் வந்தபோது கம்பெனிக்காரர்களே ஃபோர் வீல் டிரைவை டீசலுக்கு மட்டும்தான் கொடுத்தார்கள். அவர்களுக்குத் தெரியாதா என்ன!

ஆனால் நீங்கள் கொழுக்குமலை டிரைவரா? கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவு இருக்கலாம், அத்தனையும் தார் ரோடு. அதில் போக தார் ஜீப் தேவையில்லை, பஸ்ஸே போகிறது. காட்டுக்குள் இஷ்டப்படி இறக்கினால் வனத்துறை கேஸ் போடும். ஆக, உங்கள் வண்டி வருஷத்தில் முந்நூறு நாளாவது ஊருக்குள்தான் உருளப்போகிறது.

சிக்கல் அங்கேதான். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்ததிலிருந்து டீசல் வண்டியின் புகைக்குழாயில் டி.பி.எஃப். என்று ஒரு வடிகட்டி இருக்கிறது. கரியைப் பிடித்து வைத்துக்கொண்டு, அவ்வப்போது சுமார் 600 டிகிரி சூட்டில் எரித்துச் சாம்பலாக்கும். அந்தச் சூடு வர வேண்டுமானால் நெடுஞ்சாலையில் இருபது நிமிஷமாவது ஒரே சீராக ஓட வேண்டும். காய்கறிக் கடை, கோயில், பேத்தியின் ஸ்கூல் என்று மூன்று மூன்று கிலோமீட்டராக ஓட்டினால் எஞ்சின் சூடாவதற்குள் வீடு வந்துவிடும். கரி சேரும். டாஷ்போர்டில் விளக்கு எரியும். கண்டுகொள்ளாமல் விட்டால் வண்டி தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டு நொண்டும்.

பணமும் பார்த்துவிடலாம். டீசல் வண்டி ஒரு லட்சம் அதிகம் என்று வையுங்கள். பெட்ரோல் நூறு ரூபாய், லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர். டீசல் 92 ரூபாய், பதின்மூன்று கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு மூன்று ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக மிச்சம். அந்த ஒரு லட்சம் திரும்பி வர 34,000 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். மாசம் ஐநூறு கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு ஐந்தரை வருஷத்துக்கு மேல். 2014 அக்டோபருக்கு முன்னால் டீசல் விலையை அரசாங்கம் தாங்கிப் பிடித்திருந்த காலத்தில் இந்தக் கணக்கு வேறு மாதிரி வந்திருக்கும். நண்பரின் 'டீசல்தானே' அந்தக் காலத்து ஆசாமி.

எனவே மாசம் ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுகிறவர், கரடுமுரடில் நிஜமாகவே தொழில் உள்ளவர், டீசல் வாங்குங்கள். மற்றவர்கள் பெட்ரோல் வாங்குங்கள். எதுவானாலும் லோ ரேஞ்ச் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். 2023-லிருந்து தாரிலேயே பின்சக்கரம் மட்டும் இழுக்கிற மாடலும் விற்பனைக்கு வந்திருக்கிறது. பார்வைக்கு அதுவும் ஜீப்தான்.

நண்பருக்கு ஆறாவது மாசமே அந்த விளக்கு எரிந்தது. சர்வீஸில் "ஹைவேயில ஓட்டுங்க ஸார்" என்றார்களாம். இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் திண்டுக்கல்லிலிருந்து நாற்கரச் சாலையில் மதுரை வரை போய், ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்பி வருகிறார். சிறுமலைக்கு மனைவியின் ஸ்கூட்டரில் போகிறார்.