‘எந்தப் பக்கம்’ என்னும் வினா

ஈழத்துப் போரைப் பொருளாகக் கொண்ட நாவலொன்று வெளிவந்ததும், “ஆசிரியர் எந்தப் பக்கம்?” என்ற வினாவே எம்மிடையே முதலில் எழுகின்றது. அவர் இயக்கத்தை ஆதரிப்பவரா, எதிர்ப்பவரா என்பதைக் கேட்டறிந்த பின், நூலை வாசியாமலே தீர்ப்பு வழங்குவோரும் உளர். போர் 2009இல் முடிந்தபோது பிறந்த பிள்ளைகள் இன்று உயர்தர வகுப்புக்கு வந்துவிட்டனர். அவர்களும் இதே வினாவைத்தான் ஆசிரியரிடம் கேட்கின்றனர்.

இதற்கு முற்போக்காளராகிய எமக்கும் பொறுப்புண்டு. எழுத்தாளன் யார் பக்கம் நிற்கிறான் என்று கேட்கத் தமிழ் வாசகரைப் பழக்கியவர்கள் நாமே. ‘தமிழ் நாவல் இலக்கியம்’ (1968) எழுதிய கைலாசபதி நாவலைச் சமுதாய அடிப்படையில் வைத்து ஆராய்ந்தார். அவ்வழியில் வந்தோர் பக்கம் என்று கருதியது வர்க்கத்தையே. உழைப்பவன் பக்கமா, உழைப்பைச் சுரண்டுபவன் பக்கமா என்பதே கேள்வி. போர்க்காலத்தில் அது இயக்கத்தின் பக்கம், எதிர்ப்பக்கம் எனக் குறுகிற்று. அக்குறுகலோடு நாவலை அணுகினால் அதன் உயிரான பகுதி எம் கண்ணிற்படாது.

ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ (2001) அகதி விண்ணப்பமொன்றோடு தொடங்குகின்றது. தன் துயரத்தை அந்நிய அதிகாரி நம்பும்படி எழுதிக் காட்ட வேண்டிய நிலை ஒரு மனிதனுக்கு நேர்கின்றது. இந்நாவலை இயக்க விமர்சனமாக மாத்திரம் கண்டவர்கள், தலைப்பாக நிற்கும் சொல் நாயகனின் தந்தைக்கு ஊரார் இட்ட பட்டப்பெயர் என்பதை மறந்துவிடுகின்றனர். அப்பெயரின் இழிவு மகனையும் தொடர்கின்றது. அவனை இயக்கத்துக்குத் தள்ளிய ஊரும் வறுமையும் இக்கதையிலே இயக்கத்துக்கு நிகரான இடம் பெறுகின்றன.

சயந்தனின் ‘ஆதிரை’ (2015) காட்டும் உலகம் வேறு. இனவன்செயலினால் மலையகத்தை விட்டு வன்னிக்கு வந்து, காடு வெட்டிக் குடியேறிய தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் அதிலே முக்கிய இடம் பெறுகின்றன. தேயிலைத் தோட்டத்திலே நிலமற்றிருந்தோர் வன்னியிலும் முழு உரிமையோடு வாழ்ந்தனரா? போரின் சுமையை மிகுதியாகச் சுமந்தவர் யார்? தமிழர் என்ற ஒரே சொல்லின்கீழ் மறைந்து கிடக்கும் ஏற்றத்தாழ்வை இந்நாவல் வெளிக்கொணர்கின்றது. ‘ஆதரவா, எதிரா’ என்று மட்டும் கேட்பவனுக்கு இக்குடும்பங்கள் வெறும் பின்னணியாகவே தோன்றும்.

விமல் குழந்தைவேலின் ‘கசகறணம்’ (2011) அக்கரைப்பற்றுச் சந்தையை மையமாகக் கொண்டது. தமிழரும் முஸ்லிம்களும் அன்றாடம் கொண்டும் கொடுத்தும் வளர்த்த உறவு சிதைவதை, அவ்வட்டாரத்தின் பேச்சுமொழியிலேயே அது சொல்கின்றது. சந்தையிலே கடை விரித்த பெண்ணுக்கு எது பக்கம்? அன்றைய பிழைப்பும் அருகிலிருப்பவளின் நட்புமே அவளது பக்கம்.

போர் நாவல்கள் யாவும் சிறந்தவை என்று நான் கூறவில்லை. பாத்திரங்களை ஒதுக்கிவிட்டு ஆசிரியரே வாதம் புரியும் பக்கங்கள் பல நாவல்களில் உண்டு. இக்குறை முற்போக்கு நாவல்களுக்கும் புதிதன்று. டானியலின் ‘பஞ்சமர்’ (1972) நாவலையும் பிரசாரம் என்று ஒதுக்கினர். ஆனால், யாழ்ப்பாணத்துச் சாதிக்கொடுமையை அதனுள் வாழ்ந்தவர்களின் கண்கொண்டு அறிய விரும்புவோர் இன்றும் அந்நூலையே நாடுகின்றனர். உழைக்கும் மனிதரின் வாழ்வு உண்மையாகப் பதிவாகியிருப்பின், வாதம் பழசான பின்னும் நாவல் நிலைக்கும்.

எனவே, மாணவர்க்கு நாம் வேறு சில வினாக்களையும் கற்பித்தல் வேண்டும். இக்கதையிலே நிலம் யாருடையது? அதில் உழைப்பவர் யார்? போருக்குப் பிள்ளையைக் கொடுத்தவர் யார், கொடாமல் தப்பியவர் யார்? இவற்றுக்கு விடை தேடிய பின்னர், ஆசிரியர் எந்தப் பக்கம் என்று கேட்கட்டும். அப்போது அவ்வினாவுக்கே வேறு பொருள் தோன்றும்.