மேடையிலே சீர்திருத்தம், அடுக்களையிலே?

பழனி மலையடிவாரத்திலே மண்டபங்களுக்குப் பஞ்சமில்லை. முகூர்த்த நாள் வந்துவிட்டால், ஒரே தெருவிலே மூன்று மேளங்கள் முழங்கும். அத்தகைய மண்டபம் ஒன்றிலே அண்மையில் நடந்த மணவிழாவுக்கு நாமும் சென்றிருந்தோம். புரோகிதர் இல்லை, ஓமப்புகை இல்லை, புரியாத மந்திரம் இல்லை. மணமக்கள் தமிழிலே உறுதிமொழி கூறினர், மாலை மாற்றினர். பேச்சாளர் சாதியைச் சாடினார், சடங்கைச் சாடினார். கைதட்டல் மண்டபத்தை அதிரவைத்தது. மகிழ்ந்தோம். மகிழ்ச்சியோடு பந்திக்குச் சென்றோம். உணவுக்கூடத்தின் வாயிலிலே ஓர் அட்டை தொங்கிற்று: "ஐயர் சமையல்."

மணமகளின் தந்தையார் நம் நெடுநாள் நண்பர். தனியே அழைத்துக் கேட்டோம். "என்ன செய்வது தோழர்? சமையல் யார் என்று உறவினர்கள் ஓயாமல் கேட்டார்கள். இந்தப் பெயரைச் சொன்னதும் ஒருவரும் வாய்திறக்கவில்லை" என்றார். ஆம், உண்பதற்குத் தவிர வேறெதற்கும் அவர்கள் வாய்திறக்கவில்லை! மேடையிலிருந்து விரட்டப்பட்ட பிறவிப்பெருமை, கொல்லைப்புற வழியாக வந்து அடுப்பங்கரையிலே அமர்ந்துகொண்டதை நண்பரும் கவனிக்கவில்லை, கைதட்டிய நாமும் கவனிக்கவில்லை.

மணவிழாக்களைப் பற்றி எழுதுகிறவர்கள் மேடையைப் பற்றியே எழுதுகிறார்கள். நாம் இன்று அடுக்களையைப் பற்றி எழுதுகிறோம். கேட்டரிங் என்று இக்காலத்தில் பெயர் பெற்றுவிட்ட சமையல் ஒப்பந்தம், யாரைக் கொண்டு, எதைச் சமைத்து, யாருக்கு, எந்த வரிசையில் படைக்கிறது என்பதுதான் அந்த வீட்டாரின் கொள்கைக்கு உரைகல் என்பது நமது கருத்து.

மிகைப்படுத்துகிறோம் என்பீர்களா? வரலாற்றைச் சற்றே புரட்டுங்கள். அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் 1928இல் பெரியார் தலைமையில் சுயமரியாதைத் திருமணம் நடைபெற்றது. அதற்கு முன்பே பந்தியைப் பற்றிய போர் தொடங்கிவிட்டது. சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்திலே பார்ப்பனச் சிறுவர்க்குத் தனிப்பந்தி என்ற செய்தி, 1925இல் தமிழகத்தையே குலுக்கியது. 1941இல் ரயில் நிலைய உணவுச்சாலைகளில் பார்ப்பனர்க்கெனத் தனியிடம் ஒதுக்கும் வழக்கம் ஒழிந்தது. 1957இல், உணவு விடுதிப் பெயர்ப்பலகையிலே 'பிராமணாள்' என்ற சொல் கூடாதெனச் சென்னைத் திருவல்லிக்கேணியில் மறியல் நடைபெற்றது. புரோகிதரின்றி நடந்த திருமணத்துக்குச் சட்டம் ஏற்பு வழங்கியது அதற்கும் பத்தாண்டுகளுக்குப் பிறகுதான். அண்ணா தலைமையிலான அரசு 1967இல் கொண்டுவந்த திருத்தம், 1968 ஜனவரியில் சட்டமாயிற்று.

தெருவிலே மறியல் செய்து இறக்கிய பலகையை, மண்டபத்திலே பணம் கொடுத்து நாமே மாட்டுவதா?

இங்கே ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். எந்தக் குலத்தில் பிறந்தவரும் சமையற்கலை கற்று, உழைத்துப் பிழைப்பதை நாம் குறை கூறவில்லை. கைப்பக்குவம் உள்ளவர் யாராயினும் அவருக்கு உரிய கூலியும் மதிப்பும் வேண்டும். ஆனால் கைப்பக்குவத்துக்கு விலை கொடுப்பது வேறு, பிறப்புக்கு விலை கொடுப்பது வேறு. "சாம்பார் நன்றாக இருக்கும்" என்று சொல்லி ஒருவரை அமர்த்துங்கள், வாழ்த்துகிறோம். "தொட்டால் தோஷமில்லை" என்று எண்ணி அமர்த்துவீர்களானால், அந்த எண்ணத்துக்குள்ளே, வேறொருவர் தொட்டால் தோஷம் என்ற நஞ்சு இருக்கிறது.

அந்த நஞ்சு எங்கே போய்ச் சேருகிறது? 2018இல் அவினாசியை அடுத்த திருமலைக்கவுண்டன்பாளையத்தில், தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த பெண் சமைக்கக் கூடாதென்று அரசுப் பள்ளியின் சத்துணவுக் கூடத்தின் முன் எதிர்ப்பு எழுந்தது. 2023இல் எட்டயபுரம் வட்டாரத்து உசிலம்பட்டியில், காலை உணவுத் திட்டத்தில் அதே சமூகத்துப் பெண் சமைத்த உணவைப் பிள்ளைகள் உண்ண மறுத்தனர். அமைச்சரும் நாடாளுமன்ற உறுப்பினரும் சென்று பிள்ளைகளோடு அமர்ந்து உண்ண வேண்டியதாயிற்று. அந்தப் பிஞ்சுகளுக்கு இந்தப் பாடத்தைக் கற்பித்தது எந்தப் புத்தகம்? எந்தப் புத்தகமும் இல்லை. வீட்டிலே, விழாவிலே, "சமையல் யார்?" என்று பெரியவர்கள் கேட்ட கேள்வியைக் காதிலே வாங்கிக்கொண்ட குழந்தைகள் அவர்கள்.

பழனியிலேயே மற்றொரு காட்சி உண்டு. மலைமேல் கோயிலிலே 2012 முதல் நாள் முழுவதும் அன்னதானம் நடைபெறுகிறது. வரிசையில் வந்தவர் யாரோ, வந்தபடி அமர்ந்து உண்கிறார்; அடுப்பைக் கவனிப்பவரின் குலத்தை அவர் விசாரிப்பதில்லை. கடவுளை நம்புகிறவர்கள் மலைமேல் கேட்காத கேள்வியை, பகுத்தறிவு பேசுகிற நாம் அடிவாரத்தில் கேட்பது வெட்கக்கேடு அன்றோ?

அப்படியானால் ஒப்பந்தக்காரரிடம் எதைக் கேட்பது? கேட்க வேண்டியவை ஏராளம். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவோ உரிமமோ பெற்றிருக்கிறாரா? அதற்குரிய 14 இலக்க எண் எங்கே? சமையலுக்கும் குடிப்பதற்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? காலையில் வடித்த சோறு பிற்பகல் வரை எப்படி வைக்கப்படுகிறது? சூடான உணவு 60 பாகைக்குக் கீழே ஆறி மணிக்கணக்கில் கிடந்தால் நோய்க்கிருமி பெருகும். கிருமி, குலம் பார்ப்பதில்லை. பூணூலைக் கண்டு அது ஒதுங்குவதுமில்லை. சோப்பும் வெந்நீரும் தரும் தூய்மைதான் தூய்மை. மற்றது வெறும் சொல்.

அடுத்து, பட்டியல். இக்காலத்து ஒப்பந்தக்காரர் கையிலே ஒரு வண்ணப் புத்தகம் இருக்கிறது. புரட்டப் புரட்டப் பண்டம். பன்னீரில் நான்கு, பூக்கோசில் மூன்று, பனிக்கூழ் தனி மேசை, பழக்கூழ் தனி மேசை. முப்பது வகை என்பது சிறுமையாம், ஐம்பது வகையே பெருமையாம்! இலையிலே இடமில்லை, வயிற்றிலும் இடமில்லை. பின் யாருக்காக இந்த ஐம்பது? பக்கத்து வீட்டாரின் நாற்பதைத் தோற்கடிப்பதற்காக!

கணக்குப் பாருங்கள். ஆயிரம் பேர் உண்ணும் விழாவில், இலைக்கு நூறு கிராம் மட்டுமே மிஞ்சி வீணாவதாகக் கொள்வோம். அதுவே நூறு கிலோ! 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் வீணான உணவு 105 கோடி டன் என்று ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு கணக்கிட்டது. அதிலே நம் பந்தியின் பங்கும் உண்டு. செலவுக் கணக்கோ இன்னும் கொடிது. மூன்று லட்சம் ரூபாயை நூற்றுக்கு மாதம் மூன்று வட்டிக்கு வாங்கினால், மாதம் ஒன்பதாயிரம், ஆண்டுக்கு ஒரு லட்சத்து எட்டாயிரம் வட்டிக்கே போய்விடும். முதல் அப்படியே நிற்கும். கந்துவட்டியைத் தடுக்க 2003இல் சட்டம் வந்தது உண்மை. ஆனால் வலியச் சென்று கடன்வாங்கும் ஆடம்பரத்தை எந்தச் சட்டம் தடுக்கும்?

"மொய் வாங்கிய வீட்டாரை வெறும் வயிற்றோடு அனுப்புவதா?" என்று கேட்பார் உண்டு. அனுப்பச் சொல்லவில்லை. வயிறார உண்ணட்டும், நாவுக்கினியதை உண்ணட்டும்! பழனி வட்டாரத்துக்கு என்ன குறை? ஒட்டன்சத்திரம் சந்தையிலே காய்கறி குவிகிறது. ஆயக்குடியிலே கொய்யா விளைகிறது. கொடைக்கானல் மலையிலிருந்து பீன்சும் காரட்டும் உருளையும் இறங்குகின்றன. அம்மலைப் பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தந்தப் பருவத்திலே விளைந்ததை வாங்கி, ஒரு இனிப்பு, ஒரு கூட்டு, ஒரு பொரியல், நல்ல சாம்பார், ரசம், தயிர், வாழைப்பழம் என்று சூடாகப் பரிமாறினால், ஐம்பது பண்டம் தராத நிறைவை அந்த ஏழு தரும். ஒரு கிலோ அரிசி எட்டுப் பத்துப் பேருக்குக் காணும் என்பது சமையற்காரர் கணக்கு. வருவோரை எண்ணிச் சொன்னால் அவர் அளந்து வடிப்பார். வருகைக் கணக்கைச் சொல்லாமல் "தாராளமாகப் போடுங்கள்" என்பது தாராளமன்று, பொறுப்பின்மை.

புலால் உணவைப் பற்றியும் ஒரு சொல். சீரகச் சம்பா பிரியாணிக்குப் பெயர் பெற்றது திண்டுக்கல் மாவட்டம். அம்மாவட்டத்திலேயே, மணநாளன்று சைவம், மறுநாள் மறைவாகக் கறிவிருந்து என்று நடத்துவோர் பலர். செலவுக்காகவோ விருப்பத்துக்காகவோ சைவம் சமைப்பது உங்கள் உரிமை. ஆனால், நாள்தோறும் நாம் உண்ணும் உணவு நல்ல நாளிலே தீட்டாகிவிடுமென்றால், நம்மை நாமே தாழ்த்திக்கொள்கிறோம் என்பதை உணருங்கள்.

இறுதியாக, அன்று நாம் கண்டதைச் சொல்லி முடிக்கிறோம். பிற்பகல் நான்கு மணி. விருந்தினர் போய்விட்டனர். கொல்லைப்புறத்திலே, விடியலுக்கு முன்பிருந்து காய் நறுக்கியவர்களும், எச்சில் இலை எடுத்தவர்களும், அண்டா துலக்கியவர்களும் தரையிலே குந்தியிருந்தனர். அவர்கள் முன் இலை இல்லை, செய்தித்தாள் விரிக்கப்பட்டிருந்தது. அதன்மேல் ஆறிய சோறும் அடிச்சாம்பாரும். இனிப்பு தீர்ந்துவிட்டதாம். கூடத்திலோ, கடிக்கப்படாத ஜாங்கிரிகள் இலையோடு சுருண்டு கூடையில் கிடந்தன.

நண்பரை அங்கே அழைத்துவந்து காட்டினோம். அவர் பேசவில்லை. சிறிது நேரம் நின்றவர், உள்ளே சென்று தாமே இலைக்கட்டை எடுத்துவந்தார். மகளின் விழாவுக்கு அவர் இட்ட கடைசிப் பந்தி அதுதான். நம் கண்ணுக்கு முதற்பந்தியும் அதுதான்.

இளைஞர்களே! உங்கள் இல்லத்திலே மணவிழா வரும். ஒப்பந்தம் எழுதும் நாளிலே மூன்று வரிகளைச் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். சமைப்பவரின் குலப்பெயர் எந்தப் பலகையிலும் இராது. வருவோர் தொகைக்கு ஏற்ற அளவே சமைக்கப்படும். உழைத்தவர் அனைவருக்கும் அதே உணவு, அதே இலை, உரிய நேரத்தில், உட்கார இடத்தோடு வழங்கப்படும். இம்மூன்றும் இருந்தால், மேடையிலே பேச்சாளர் வரத் தாமதமானாலும் கவலையில்லை. சீர்திருத்தம் அடுக்களையிலே முன்பே தொடங்கியிருக்கும்!