குழியின் கணக்கும் மேட்டின் கணக்கும்

ஒவ்வொரு மனையும் தன் மேல் விழும் மழையைத் தானே வாங்கிக்கொண்டால் ஊரில் வெள்ளம் நிற்காது என்ற வாதத்துக்கு இப்போது நல்ல செல்வாக்கு. உறிஞ்சுகுழி, நீர் இறங்கும் தரைக்கல், மழைத்தோட்டம், ஸ்பாஞ்ச் பூங்கா என்று அதற்குப் பல வடிவங்கள். சென்னை மாநகராட்சி பூங்காக்களுக்குள் குளம் வெட்டுகிறது. கொசஸ்தலையாற்று வடிநிலத்தின் மழைநீர் வடிகால்களுக்காக 2021-இல் ஆசிய வளர்ச்சி வங்கி ஒப்புக்கொண்ட 25.1 கோடி டாலர் கடனில், தண்ணீரை நிலத்துக்குள் இறக்கும் சாலையோரக் குழிகள் மட்டும் சுமார் 23,000. சென்னைக்கு வடக்கே மீஞ்சூரைச் சுற்றி எழும் மனைப்பிரிவுகளுக்கும் கிடங்குகளுக்கும் இதையே மருந்தாக எழுதிக் கொடுக்கிறார்கள். இந்த மருந்து தவறானது என்பதே என் வாதம்.

குழி நல்லது, அதில் மறுப்பில்லை. 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபின், மணற்பாங்கான பகுதிகளில் கிணறுகள் ஊறியதைச் சென்னை கண்டது. மீஞ்சூருக்கு அந்தத் தேவை இன்னும் அதிகம். நகரத்தின் தாகத்துக்காக இங்கே நிலத்தடி நீரை உறிஞ்சியதில், 1969-இல் கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் வரை ஏறியிருந்த கடல்நீர் 1987-இல் சுமார் 9 கிலோமீட்டரை எட்டியது. உவர்ப்பேறிய நிலத்துக்குள் இறங்கும் ஒவ்வொரு குடம் மழையும் வரவுதான்.

ஆனால் நிலத்தடி நீருக்குச் செய்யும் உதவியை வெள்ளத் தடுப்பு என்று சொல்லும்போதுதான் பிழை தொடங்குகிறது. 1990-களில் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் உருவான, மனையிலேயே மழையை வாங்கும் இந்த முறை, அடிக்கடி பெய்யும் சிறு மழைகளை மனதில் வைத்து வளர்ந்தது. மீஞ்சூரின் கார்த்திகை மழை அந்த வகை அல்ல. வடக்கே ஆரணியாறு, தெற்கே கொசஸ்தலையாறு, கிழக்கே பக்கிங்காம் கால்வாயும் கழிவெளியும் கடலும். ஐப்பசி முடிவதற்குள் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும். களிமண் பகுதியில் குழி நிரம்பியது நிரம்பியபடி நிற்கும். அப்போது பூண்டி நீர்த்தேக்கத்தில் மதகு திறந்தால் ஆந்திராவிலும் மேட்டு ஊர்களிலும் பெய்த மழை வல்லூர் அணைக்கட்டைத் தாண்டி வரும். எண்ணூர் முகத்துவாரத்தில் கடல் ஏறி நின்றால் அந்த நீர் வெளியேறவும் முடியாது. ஊர் மூழ்குவது தன் மழையால் மட்டுமல்ல. வந்த தண்ணீர் சில நாள் தங்கிப்போக இடம் இல்லாததால் மூழ்குகிறது.

அந்த இடம் முன்பு இருந்தது. நெல்வயல், தாங்கல், மேய்க்கால், உப்பளம், அலையாத்திக் காடு, கழிவெளி எல்லாம் அதற்கானவைதான். அவற்றின் மேல்தான் இன்று லாரி லாரியாகச் சவுடு கொட்டப்படுகிறது. பள்ளமான நிலத்தை வாங்கிச் சாலைக்கு மேலே ஓரடி உயரும்வரை தூர்த்து, சுற்றுச்சுவர் எழுப்பி, உள்ளே நான்கு குழி தோண்டினால் போதும், அந்த மனை விதிகளின்படி முறையானது. குழியைக் கேட்கும் விதி கொட்டிய மண்ணைக் கேட்பதில்லை. பல வருடங்களாக நான் சொல்லிவரும் ஆட்சேபம் இது.

கணக்குப் போட்டால் அநியாயம் புரியும். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழமுள்ள குழியில் ஜல்லி போட்டபின் ஏறத்தாழ 600 லிட்டர் நிற்கும். வெள்ளத்தில் ஒரு மீட்டர் தண்ணீர் தேங்கும் ஒரு ஏக்கர் வயலில் நிற்பது 40 லட்சம் லிட்டருக்கு மேல். அதைத் தூர்த்துவிட்டுக் குழியால் ஈடுகட்ட 6,700 குழிகளுக்கு மேல் வேண்டும். ஒரே மழையில் ஒவ்வொரு குழியும் பத்து முறை நிரம்பி வடிந்ததாகவே வைத்துக்கொள்வோம்; அப்போதும் ஏக்கருக்கு 670 குழி. எந்த மனைப்பிரிவு தோண்டியிருக்கிறது?

இடம் பறிபோன தண்ணீர் மறைந்துவிடாது. மேடாக்க வசதியில்லாதவன் வாசலுக்குப் போகும். பழைய தெருக்களும் ஆற்றோரக் காலனிகளும் மீனவர் குப்பங்களும் ஆண்டுக்கு ஆண்டு பள்ளமாவது இப்படித்தான். அவர்கள் வீடு தாழ்ந்துவிடவில்லை, அக்கம்பக்கம் உயர்ந்துவிட்டது.

மனையில் நடப்பதே பெரிய அளவில் எண்ணூரில் நடந்தது. 1996-ஆம் ஆண்டின் கடலோர மண்டல வரைபடத்தில் கழிவெளியாகப் பாதுகாக்கப்பட்ட பரப்பு பின்னர் வந்த வரைபடத்தில் காணாமல் போனது. அனல்மின் நிலையச் சாம்பல் ஆற்றையே மேடாக்கியது. துறைமுகத்துக்கும் கிடங்குகளுக்கும் ஈரநிலம் தூர்க்கப்பட்டது. அந்த வளாகங்களுக்குள்ளும் மழைநீர்க் குழியும் பசுமை வளையமும் நிபந்தனைகளாக எழுதப்படுகின்றன. கழிவெளியைத் தின்றவருக்குக் குழி வெட்டியதற்காக நற்சான்று கொடுப்பது எந்த நியாயம்?

ஆதரவாளர்கள் ஒன்று சொல்வார்கள்: நிலத்தின் இயல்பான வடிவைக் கலைக்காதே என்பதுதான் இம்முறையின் முதல் விதி, அதை விட்டது எங்கள் குற்றமல்ல என்று. முதல் விதியைக் கைவிட்ட பிறகும் சான்றிதழ் தருகிற முறையில் குற்றம் இல்லாமல் எப்படி இருக்கும்? நகரமே பஞ்சுபோல் மழையை உறிஞ்ச வேண்டும் என்ற ஸ்பாஞ்ச் சிட்டி திட்டத்துக்குப் பெரும்பணம் கொட்டிய சீனாவின் செங்சோ நகரம், 2021 ஜூலையில் ஒரே மணி நேரத்தில் 20 சென்டிமீட்டர் மழை பெய்தபோது மூழ்கியது; சுரங்க ரயிலுக்குள் மக்கள் இறந்தார்கள். பஞ்சுக்கும் ஒரு கொள்ளளவு உண்டு.

மேடாக்காமல் கட்டினால் வீடு மூழ்காதா என்று கேட்கலாம். வீட்டை உயர்த்துங்கள், நிலத்தை உயர்த்தாதீர்கள். தூண்மேல் கட்டி அடியில் தண்ணீர் போகவிடலாம். பள்ளம் அப்படியே இருக்கும், பக்கத்து வீட்டுக்காரரும் பிழைப்பார்.

எனவே திட்ட அனுமதியில் குழியின் எண்ணிக்கைக்கு முன்பாக மூன்று எண்கள் கேட்கப்பட வேண்டும்: நிலத்தின் பழைய மட்டம், புதிய மட்டம், கொட்டப்படும் மண்ணின் கன அளவு. எவ்வளவு தேக்கிடம் பறிபோகிறதோ அவ்வளவு இடத்தை அதே வடிநிலத்தில் வெட்டிக் கொடுக்காதவருக்கு அனுமதி கூடாது. அடுத்த கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போகும் மீஞ்சூர், பொன்னேரி மக்கள் எத்தனை மரம், எத்தனை குழி என்று கேட்டுவிட்டுத் திரும்ப வேண்டாம். எத்தனை லோடு மண் என்று கேளுங்கள். அந்தப் பதிலை எழுத்தில் வாங்குங்கள்.