மன்னார்க் கடலும் ஊமைப்படத் தந்திரங்களும்

முத்துச் சலாபம் நடந்த காலத்தில் மன்னார்க் கரையில் கடல்கட்டி ஒருவர் கட்டாயம் இருப்பார். சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவது அவர் தொழில். அவர் இல்லாமல் முத்துக்குளிப்போர் தண்ணீரில் இறங்கத் தயங்கியதால் ஆங்கிலேய அரசே அவருக்குக் கூலி கொடுத்தது. சுறா கட்டுண்டதோ இல்லையோ, குளிப்போரின் அச்சம் கட்டுண்டது. வித்தைக்குப் பலம் பார்ப்பவரின் நம்பிக்கைதான். ஆரம்பகால ஊமைப்படத் தந்திரக் காட்சிகளையும் இந்த அளவுகோலால் அளந்து பார்க்கலாம்.

பாரிசில் மேடை வித்தைக்காரராக இருந்த ஜோர்ஜ் மெலியெஸ், 1896இல் ஒரு பெண்ணைத் திரையில் மறைய வைத்தார். மேடையில் இதற்குத் தரையில் ஒரு கள்ளக் கதவு வேண்டும். படத்தில் கமராவை நிறுத்தி, ஆளை விலக்கி, மறுபடி ஓடவிட்டாலே போதும். ஒரே பிலிமில் இருமுறை ஒளி பதிப்பதும் அவருக்குக் கைவந்தது. 1898இல், ஹவானாவில் மூழ்கிய 'மெயின்' போர்க்கப்பலில் சுழியோடிகள் வேலை செய்வதைக் காட்ட, கமராவுக்கு முன்னால் மீன்தொட்டியை வைத்துப் படமெடுத்தார். தண்ணீரில் ஒருவரும் இறங்கவில்லை.

1907இல் பிரான்சின் பாத்தே நிறுவனம் முத்துக்குளிப்பவனைப் பற்றி ஒரு தந்திரக் குறும்படம் வெளியிட்டது. ஃபெர்டினாண்ட் செக்கா இயக்கிய அந்தப் படத்தில் கடலடி ஒரு மாய உலகம். அதே ஆண்டுகளில், 1903 முதல் 1907 வரை, மன்னாரின் மறிச்சுக்கட்டிப் பக்கத்து முத்துப்பார்களில் மெய்யான சலாபம் நடந்தது. காலில் கல், சிப்பிக்கு ஒரு கூடை, மூச்சடக்கி ஏறத்தாழ ஒரு நிமிடம்: அந்த உழைப்பின் சாயல்கூட பாரிஸ் படத்தில் இல்லை. 1907க்குப் பின் சிப்பி அற்றுப்போய்ப் பல ஆண்டுகள் சலாபமே நடக்கவில்லை.

இந்த மன்னார்க் கடலைத் தந்திரப்படத்துக்குள் உரிமையோடு கொண்டுவந்தவர் இந்திய இயக்குநர் தாதாசாகேப் பால்கே. 'புரொஃபெசர் கெல்ஃபா' என்று தன் பெயரைத் திருப்பிப்போட்டு மேடையில் வித்தை காட்டியவர் அவர். பட்டாணி முளைத்து வளர்வதைச் சிறிது சிறிதாகப் பதிவுசெய்து, ஒரே ஓட்டத்தில் வளர்வதுபோலவும் காட்டினார். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. மூன்று ஆண்டுகள் கழித்து அவருடைய 'லங்கா தகன'த்தில் அனுமன் அதே கடலைத் தாண்டி இலங்கைக்கு வந்தான். ராமனாகவும் சீதையாகவும் நடித்தவர் சாளுங்கே என்ற ஒரே நடிகர். ராமன் தோன்றியதும் மக்கள் செருப்பைக் கழற்றி வணங்கினார்கள் என்றும், சென்னையில் வசூலான காசை மாட்டுவண்டியில் ஏற்றிச் சென்றார்கள் என்றும் சொல்வார்கள். 1932இல் அணை கட்டிய கதையை 'சேது பந்தன்' என்று ஊமைப்படமாக எடுத்தார். பின்னர் அதற்கு ஒலி சேர்க்கப்பட்டது.

மெலியெசின் படத்தைப் பார்த்தவர்கள் "எப்படிச் செய்தார்?" என்று வியந்தார்கள். பால்கேயின் படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்வியே எழவில்லை; கேட்டு வளர்ந்த கதை கண்முன் நடந்தது, அவ்வளவுதான். நம் சினிமாவில் தந்திரக் காட்சி இன்றுவரை பக்திப்படத்தோடு ஒட்டிக்கொண்டிருப்பதற்கு வேர் இங்கேதான்.

'லங்கா தகன'த்தில் இன்று எஞ்சியிருப்பது ஒரு சிறு துண்டு மட்டுமே. மன்னார்ப் பாடசாலைகளும் கலைமன்றங்களும் அதை மெலியெசின் படங்களோடு சேர்த்துத் திரையிட வேண்டும். அந்தக் கதையின் கடலைத் தினமும் பார்க்கும் நம் பிள்ளைகள், அது திரைக்கு ஏறிய விதத்தையும் அறியட்டும்.