பனையின் நிழலும் பாடநூல் படமும்

உடன்குடியிலிருந்து குதிரைமொழித் தேரிப் பக்கம் போனால் செம்மணல் மேடுகளில் பனைகள் நிற்கும். ஏறாமலேயே ஒரு பனையின் உயரத்தைச் சொல்லப் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு வழி தெரியும். பக்கத்தில் ஒரு கம்பை நட்டு, இரண்டின் நிழலையும் அளந்து, வடிவொத்த முக்கோணங்கள் என்று எழுதி விகிதம் போட வேண்டியதுதான். இதற்குப் பாடநூல் தரும் படமும் எல்லாருக்கும் பழக்கமானது. தரை ஒரு கிடைக்கோடு, மரம் அதற்குச் செங்குத்து, அடியில் குட்டிச் சதுரமாகச் செங்கோணக் குறி.

தேரியில் தரை சமமாக இருக்காது. சரிவில் நிற்கும் பனைக்கு இந்தக் கணக்கு செல்லுமா என்று கேட்டால், "செங்கோணம் இல்லையே, செல்லாது" என்று சொல்லத்தான் படம் நம்மைப் பழக்கியிருக்கிறது. உண்மையில் செல்லும். கம்பும் பனையும் ஒன்றுக்கொன்று இணை. சூரியக் கதிர்களும் இணை. இரண்டு நிழலும் ஒரே சரிவில் விழுந்தால் அவையும் இணை. மூன்று சோடிப் பக்கங்களும் இணையானால் முக்கோணங்கள் வடிவொத்தவை. செங்கோணத்துக்கு இங்கே வேலையே இல்லை. பனை சற்றுச் சாய்ந்திருந்தாலும் பரவாயில்லை, கம்பை அதற்கு இணையாகச் சாய்த்து நட்டால் பனையின் நீளம் கிடைத்துவிடும். கணக்கு உடைவது வேறோர் இடத்தில்: மணல்மேடு வளைந்து, பனையின் நிழல் ஒரு சரிவிலும் கம்பின் நிழல் இன்னொரு சரிவிலும் விழும்போது. காரணமில்லாத ஒன்றைக் காரணம்போலக் காட்டிய படம், உண்மைக் காரணமான இணைத்தன்மையை எங்கும் குறிக்கவில்லை.

படங்களைக் கொண்டு வடிவியல் கற்பிப்பதைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. படம் இல்லாமல் வடிவியலைத் தொடங்கவே முடியாது என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் ஒரு படம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதுபோலத் தோன்றுகிறது என்று பிரித்துப் பார்க்க நம் வகுப்பறைகள் பழக்குவதில்லை. நிரூபணம் என்பது அந்தப் பிரிப்பில்தான் தொடங்குகிறது.

படத்தின் வலிமைக்கு வாசல் கோலத்தைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. நேர்ப்புள்ளியில் 1, 3, 5, 7, பிறகு 5, 3, 1 என்று வைக்கும் கோலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் எத்தனை புள்ளி? கூட்டினால் 25. கூட்டாமல், தலையைச் சாய்த்து மூலைவாட்டில் பாருங்கள். நான்கு நான்காக நான்கு வரிசைகள், அவற்றின் நடுவே மும்மூன்றாக மூன்று வரிசைகள். ஆக 16-ம் 9-ம். ஒற்றைப்படை எண்களை 1-லிருந்து வரிசையாகக் கூட்டினால் வர்க்க எண் வரும் என்பதையும் இந்தச் சாய்ந்த பார்வையிலேயே காட்டிவிடலாம். இங்கே படம் வெறும் எடுத்துக்காட்டாக நிற்கவில்லை. நடுவரிசையில் 7 வைத்தாலும் 21 வைத்தாலும் மூலைவாட்டு வரிசைகள் அதே ஒழுங்கில்தான் அமையும் என்று கை வைத்துக் காட்ட முடிகிறது. அப்படிக் காட்ட முடிவதால்தான் இதை நிரூபணம் என்கிறேன்.

அதே கோலம் ஏமாற்றவும் செய்யும். 25 என்பது 5-இன் வர்க்கம். இந்த ஒரு கோலத்தை மட்டும் பார்த்த பிள்ளை, இவ்வகைக் கோலங்களில் புள்ளிகளின் மொத்தம் எப்போதும் வர்க்க எண்தான் என்று முடிவு கட்டலாம். 1, 3, 5, 3, 1 வைத்துப் பார்த்தால் 13 வருகிறது. 7 புள்ளிக் கோலத்துக்குப் பிறகு மொத்தம் மீண்டும் வர்க்க எண்ணாக, நடுவரிசையில் 41 புள்ளி வைக்கும் கோலம்வரை போக வேண்டும். அங்கே 21-இன் வர்க்கமும் 20-இன் வர்க்கமும் சேர்ந்து 29-இன் வர்க்கமான 841 ஆகின்றன. ஒரே படத்தில் எப்போதும் நிகழ்வதும் இருக்கிறது, தற்செயலாக நிகழ்ந்ததும் இருக்கிறது. கண்ணுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். 'ஏன்' என்று கேட்டால் மட்டுமே வேறுபாடு தெரியும்.

மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், 16-ஆம் நூற்றாண்டில் ஜ்யேஷ்டதேவர் மலையாளத்தில் எழுதிய யுக்திபாஷை இந்தக் கேள்வியை விடாமல் கேட்கும் நூல். சதுரத்தை எங்கே வெட்டுவது, வெட்டிய துண்டை எந்தப் பக்கத்தில் சேர்ப்பது, சேர்த்தால் ஏன் இடைவெளியின்றிப் பொருந்தும் என்று உரைநடையிலேயே வாசகனை நடத்திக்கொண்டு போகிறது. வடிவமும் பேச்சும் அதில் பிரிவதில்லை.

நம்மிடையே பிரிந்துபோனதற்கு ஓர் உதாரணம், போதையனார் என்ற புலவர் பாடியதாகச் சமூக ஊடகங்களில் சுற்றிவரும் ஒரு பாட்டு. செங்கோண முக்கோணத்தில் செங்கோணத்தைத் தாங்கும் பக்கங்களில் நீளமானதை எட்டுக் கூறாக்கி ஒன்றைத் தள்ளு, சிறிய பக்கத்தில் பாதியைச் சேர், கர்ணம் வந்துவிடும் என்பது அதன் விதி. வர்க்கமூலம் இல்லாமலே கர்ணம் கண்ட தமிழர் என்ற பெருமையோடு இதைப் பகிர்கிறோம். கூடவே ஒரு படம், அதில் 4, 3 என்று பக்கங்கள். மூன்றரையும் ஒன்றரையும் ஐந்து, சரியாக வருகிறது. 12, 5 வைத்தால் 13, அதுவும் சரி. ஆனால் இரண்டு பக்கமும் 10 செ.மீ. என்றால் விதி 13.75 சொல்கிறது, உண்மைக் கர்ணம் 14.14. வரைந்து அளந்தால் நான்கு மில்லிமீட்டர் வித்தியாசம் கையோடு சிக்கும். 20-ம் 10-ம் வைத்தால் விதிப்படி 22.5, உண்மையில் 22.36. பென்சில் முனை மழுங்கியிருந்தால் இந்தப் பிழை தப்பிவிடும். ஒரு கூற்றைக் கவிழ்க்க ஒரு நல்ல படம் போதும். நிலைநிறுத்த நூறு படமும் போதாது.

பத்தாம் வகுப்புப் பிள்ளை இதற்கு மேலும் போக முடியும். சிறிய பக்கத்துக்கும் பெரிய பக்கத்துக்கும் உள்ள விகிதத்தை x என்று வைத்து, பிதாகரஸ் தேற்றமும் இந்த விதியும் ஒத்துப்போகும் இடத்தைத் தேடினால் 48x² − 56x + 15 = 0 என்ற இருபடிச் சமன்பாடு வரும். தீர்வுகள் இரண்டே: 3/4, 5/12. மேலே எந்த இரண்டு முக்கோணங்களில் கணக்கு சரியாக வந்ததோ, அந்த இரண்டு வடிவங்களுக்கு மட்டுமே விதி துல்லியம். மற்ற எல்லாவற்றுக்கும் அது தோராயம். கணக்கு நன்றாக வரும் தோராயம் என்பதும் மதிக்கத்தக்கதே. அதைத் தேற்றம் என்று சொல்லும்போதுதான் பிள்ளைகளுக்குத் தவறிழைக்கிறோம்.

இனி நம் தேர்வுமுறை. தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணிதத் தேர்வில் நூற்றுக்கு 8 மதிப்பெண் செய்முறை வடிவியலுக்கு. தேர்ச்சி எல்லையில் இருக்கும் பிள்ளைக்கு அது உயிர்நாடி. அதில் அடிக்கடி பயிற்சி தரப்படும் கணக்கு ஒன்று: அடிப்பக்கம், எதிர் உச்சிக்கோணம், உச்சியிலிருந்து வரையப்படும் நடுக்கோடு தரப்பட்டால் முக்கோணம் வரைக. PQ வரை. P-இல் கீழ்நோக்கி அந்தக் கோணத்தில் PE வரை. PE-க்குச் செங்குத்தாக PF. PQ-இன் மையக்குத்துக்கோடு PF-ஐ வெட்டும் புள்ளி O. அதை மையமாக வைத்து P வழியாக வட்டம். பிள்ளைகள் இந்தப் படிகளைப் பிசகாமல் செய்கிறார்கள், கவராயமும் அளவுகோலும் துல்லியமாகப் பேசுகின்றன. உச்சியில் வரவேண்டிய கோணத்தை ஏன் கீழே கொண்டுபோய் வரைந்தோம் என்று கேட்டால் வகுப்பே மௌனமாகிவிடும் என்பதுதான் என் கவலை. PE அந்த வட்டத்துக்குத் தொடுகோடு. தொடுகோட்டுக்கும் நாணுக்கும் இடைப்பட்ட கோணம் மாற்று வட்டத்துண்டில் உள்ள கோணத்துக்குச் சமம். இந்தத் தேற்றமும் அதே வடிவியல் பாடத்தில்தான் இருக்கிறது. ஆனால் அது ஐந்து மதிப்பெண் பகுதிக்கு மனப்பாடம் செய்யவேண்டிய சரக்காகவும், இது எட்டு மதிப்பெண் பகுதிக்கு வரைந்து பழகவேண்டிய சரக்காகவும் தனித்தனியே போய்விட்டன. படத்துக்குக் காரணம் இல்லை, காரணத்துக்குப் படம் இல்லை. படவழிக் கற்பித்தலின் ஆகப் பெரிய தோல்வி என்று நான் இதைத்தான் சொல்வேன்.

ஜியோஜீப்ரா மென்பொருள் வந்தபின் நிலைமை ஒரு பக்கம் மேம்பட்டிருக்கிறது. பாடநூலின் இணையச் செயல்பாடுகளில் முக்கோணத்தின் உச்சியைப் பிடித்து இழுத்தால் கோணங்கள் மாறுகின்றன, கூடுதல் 180°-யாகவே நிற்கிறது. அச்சில் உறைந்த ஒற்றைப் படத்தைவிட இது எவ்வளவோ மேல். எது மாறுகிறது, எது மாறவில்லை என்று கண் பழகுகிறது. கூடவே ஓர் ஆபத்தும் வருகிறது. திரையே இவ்வளவு உறுதியாகச் சொன்னபின் நிரூபணம் எதற்கு என்று பிள்ளை நினைக்கும். "உண்மையா?" என்பதோடு நிற்காமல் "ஏன் மாறவில்லை?" என்று அந்த இடத்தில் கேட்கும் ஆசிரியர் இல்லாவிட்டால், மென்பொருள் நல்லதொரு காட்சியோடு முடிந்துபோகும்.

தவறான படங்களை வேண்டுமென்றே பாடமாக வைக்கவேண்டும் என்று நினைக்கிறேன். ரவுஸ் பால் 1892-இல் வெளியிட்ட கணிதப் பொழுதுபோக்கு நூலில் புகழ்பெற்ற ஒன்று இருக்கிறது: எல்லா முக்கோணங்களும் இருசமபக்க முக்கோணங்களே என்ற 'நிரூபணம்'. A-இன் கோண இருசமவெட்டியும் BC-இன் மையக்குத்துக்கோடும் முக்கோணத்துக்குள் O-இல் சந்திப்பதாக வரைவார்கள். O-இலிருந்து AB-க்கும் AC-க்கும் செங்குத்துகள், பிறகு சர்வசம முக்கோணங்கள், கடைசியில் AB = AC. ஒவ்வொரு வரியும் சரியாகவே தோன்றும். கவராயம் எடுத்துத் துல்லியமாக வரைந்தால்தான் குட்டு உடையும். O முக்கோணத்துக்கு வெளியே விழுகிறது. ஒரு செங்குத்தின் அடி பக்கத்தின் மேலும் மற்றதன் அடி பக்கத்தின் நீட்சியிலும் அமைகின்றன. ஒன்றில் கூட்டும்போது மற்றதில் கழிக்கவேண்டும். ஒரு பாடவேளையை முழுக்க இதற்குக் கொடுத்தாலும் தகும். கவனமாக வரைவதன் அருமையும் வரைந்ததை அப்படியே நம்பக்கூடாது என்பதும் பிள்ளைக்கு ஒரே நேரத்தில் புரியும்.

படத்தை நம்பியே நிற்கிறோமா என்று பார்க்க இன்னொரு வழியும் உண்டு. பாளையங்கோட்டையில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பார்வையற்றோர் பள்ளி நடக்கிறது. வகுப்பில் ஒரு நிரூபணத்தை முடித்தபின், படத்தைச் சுட்டாமல், அங்கே படிக்கும் ஒரு பிள்ளைக்குப் பேச்சாலேயே அதைச் சொல்ல முடியுமா என்று ஆசிரியர் தம்மையே கேட்டுக்கொள்ளலாம். 'இதோ இந்தக் கோணமும் அதோ அந்தக் கோணமும்' என்று விரல் நீட்டிய இடங்கள் எல்லாம் அப்போது பெயரும் காரணமும் கேட்கும்.

தேர்வில் செய்யவேண்டிய மாற்றம் சிறியது. அந்த 8 மதிப்பெண்ணில் 5-ஐ வரைதலுக்கு வைத்துவிட்டு, மீதி 3-ஐ ஒரே ஒரு கேள்விக்குக் கொடுக்கலாம்: 'இந்த வட்டத்தில், PQ-க்கு மேலே உச்சி R எங்கே இருந்தாலும் கோணம் PRQ மாறாதது ஏன்?' தேர்ச்சியே கெட்டுவிடும் என்ற அச்சம் நியாயமானது. அதனால் வரைதலுக்கான மதிப்பெண்ணில் கை வைக்காமல், இந்த 3-ஐ முதலில் கூடுதல் மதிப்பெண்ணாகவே சில ஆண்டுகள் தரலாம். மூன்று வரி விடை போதும். திருத்தும் ஆசிரியருக்குப் பெரிய சுமையும் இல்லை. கேள்வித்தாளில் வந்துவிட்டால் உடன்குடியிலும் வகுப்பில் அந்தக் கேள்வி கேட்கப்படும்.