ஏவல் வாசகம் மந்திரமாகுமா?

செயற்கை நுண்ணறிவுக் கருவிக்கு நாம் இடும் கட்டளையைப் 'பிராம்ப்ட்' என்கிறார்கள். ஏவல் வாசகம் எனலாம். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பின், இவற்றைத் திரட்டித் தரும் தொகுப்புகள் பெருகிவிட்டன. கடிதத்திற்கு ஒன்று, கணக்கிற்கு ஒன்று, பாடக் குறிப்பிற்கு ஒன்று என அடுக்கித் தருகிறார்கள். பயன்பட்ட வாசகத்தைக் குறித்து வைப்பது நல்ல பழக்கமே. ஆனால், சொல்லிலேயே ஆற்றல் உறைவதாக எண்ணி அதை மந்திரமாக்குவது விஞ்ஞானத்திற்கு ஒவ்வாது.

ஆய்வுகள் கூறுவதென்ன? 2022-இல் டோக்கியோ பல்கலைக்கழக, கூகுள் ஆய்வாளர்கள், 'படிப்படியாகச் சிந்திப்போம்' என்று பொருள்படும் ஓர் ஆங்கில வரியை வினாவுடன் சேர்த்தார்கள். ஒரு கணக்குத் தொகுப்பில் சரியான விடைகள் 17.7 விழுக்காட்டிலிருந்து 78.7 விழுக்காட்டிற்கு உயர்ந்தன! ஆனால், அன்றாட நடைமுறை அறிவைச் சோதிக்கும் வினாக்களில் அதே வரி பயன் தரவில்லை. 2023-இல் வெளியான மற்றோர் ஆய்வில், பொருளை மாற்றாமல் இடைவெளி, நிறுத்தக்குறி போன்றவற்றை மட்டும் மாற்றினார்கள். லாமா-2 வகைக் கருவி ஒன்றின் துல்லியம் அதற்கே 76 புள்ளிகள் வரை வேறுபட்டது.

ஆகவே, ஒரு வேலைக்கும் ஒரு கருவிக்கும் பொருந்திய வாசகம் வேறிடத்திலும் பொருந்தும் என்பதற்கு உறுதியில்லை. வாசகத்தை மட்டும் தந்து, எந்தக் கருவியில், எப்போது, எத்தனை முறை சோதித்தோம் என்பதைச் சொல்லாத தொகுப்பு, அளவு குறிக்காத மருந்துச் சீட்டைப் போன்றது.

இன்னொன்றும் உண்டு. 2023-இல் நியூயார்க் வழக்கறிஞர் ஒருவர், சாட்ஜிபிடி எடுத்துக் கொடுத்த தீர்ப்புகள் உண்மையானவையா என்று அதனிடமே கேட்டார். 'ஆம்' என்றது. அவை நீதிமன்றம் சென்றன. அவற்றில் பல கற்பனை என்று தெரிந்தபின் 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. எவ்வளவு தேர்ந்த வாசகமும் சரிபார்க்கும் பொறுப்பை நம் தோளிலிருந்து இறக்காது.

நீங்கள் என்ன செய்யலாம்? பள்ளிச் செய்முறைக் குறிப்பேட்டை நினைத்துக்கொள்ளுங்கள்: நோக்கம், செய்முறை, காண்பன, முடிவு. ஒவ்வொரு வாசகத்திற்கும் இந்நான்கையும் எழுதுங்கள்; கருவியின் பெயரையும் தேதியையும் சேருங்கள். விடையை எதனுடன் ஒப்பிட்டீர்கள் என்பதும் இருக்கட்டும். கருவி புதுப்பிக்கப்பட்டால் மீண்டும் சோதியுங்கள், தவறியதை அடித்துவிடுங்கள். சோதித்த பத்து வாசகங்கள், சோதிக்காத ஆயிரத்தினும் மேலானவை.